பாடுவது சபையா, ஒலிபெருக்கியா?

ஐயா,

தமிழ்நாடு–கேரள எல்லையில் உள்ள களியக்காவிளை, பாறசாலை வட்டாரத்துக் கிறிஸ்தவச் சபைகள் பலவற்றில் ஆராதனைப் பாடல்களை நடத்தும் பொறுப்பு இப்போது இருபது வயதைத் தாண்டாத பிள்ளைகளிடம் வந்திருக்கிறது. இதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அவர்கள் கையில் மைக்கைக் கொடுத்த பிறகு அவர்களை வளர்த்தெடுக்க நாம் ஏதும் செய்வதில்லை என்பதை, இருபத்தைந்து ஆண்டுகளாக இந்த ஊழியத்தில் இருப்பவன் என்ற முறையில், தங்கள் நாளிதழ் வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

நான் தொடங்கிய காலத்தில் என் குரல் எட்டும் உயரத்தையே அளவாகக் கொண்டு, கீபோர்டின் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திச் சுருதியை ஏற்றிக்கொண்டே போவேன். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும், பின்வரிசையில் அமரும் மூதாட்டி ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மக்களே, நீ பாடினது கொள்ளாம் (நன்றாயிருந்தது), நாங்க எப்பம் பாடணும்?" என்று கேட்டார். அடுத்த வாரம்தான் சபையை நிமிர்ந்து பார்த்தேன். பல்லவியை அடுத்து வரும் அனுபல்லவி மேலே ஏறும் இடத்தில் பெண்கள் பலர் வாயை மூடிக்கொண்டார்கள். ஆண்கள் ஒரு ஸ்தாயி இறங்கி முணுமுணுத்தார்கள். ஐந்து கட்டைச் சுருதியில் பாடிய அதே பாடலை நான்கு கட்டைக்கு இறக்கியபோது, கடைசி பெஞ்சு வரை பாடிற்று. எந்த வகுப்பிலும் நான் கற்காத பாடம் அது.

தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) தமிழிலும், நெய்யாற்றின்கரைப் பக்கத்து மோசவத்சலம் சாஸ்திரியார் (1847–1916) மலையாளத்திலும் கிறிஸ்தவக் கீர்த்தனைகள் இயற்றினார்கள். பல்லவிக்கு மீண்டும் மீண்டும் திரும்பும் கீர்த்தனையின் அமைப்பே சபைக்கு இடம் ஒதுக்கி வைக்கிறது. சரணத்தை நடத்துபவர் பாடினாலும் பல்லவியைச் சபை எடுத்துக்கொள்ளும். பாடலின் தலைப்பில் இராகமும் தாளமும் அச்சிட்டிருப்பதை இன்றைய இளைஞர்களில் எத்தனை பேர் கவனிக்கிறார்கள்? (கவனிக்கச் சொல்லிக் கொடுத்தவர் எத்தனை பேர் என்றும் கேட்கலாம்.)

எல்லையில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1956 நவம்பர் 1-இல் எங்கள் விளவங்கோடு வட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அந்தப் பக்கம் மலையாள வழியில் படிக்கும் பிள்ளைகள் தமிழ்ப் பாடலை மலையாள எழுத்தில் கைபேசியில் எழுதி வைத்துப் பாடுகிறார்கள். அதைக் குறை சொல்லமாட்டேன், பாட வேண்டும் என்ற ஆசை அல்லவா அது. ஆயினும் சொல் எங்கே முடிகிறது என்று தெரியாமல் நடுவில் மூச்செடுப்பதால் பொருள் பிளந்துபோகிறது. சனிக்கிழமை மாலை மூத்தவர் ஒருவரோடு அமர்ந்து, இராகம் போடாமல் வரிகளை மட்டும் இரண்டு முறை வாய்விட்டு வாசித்தாலே இது தீரும்.

தாவீதின் காலத்தில் பாடத் தேர்ந்தவர்கள் 288 பேர் என்றும், முறைவரிசைக்குச் சீட்டுப் போட்டபோது ஆசானும் மாணாக்கனும் ஒன்றாகவே நின்றார்கள் என்றும் வேதாகமத்தின் முதலாம் நாளாகமம் 25-ஆம் அதிகாரம் கூறுகிறது. நம் சபைகளிலோ மாணாக்கன் மட்டும் மேடையில் நிற்கிறான். ஆசான் பின்வரிசையில் அமர்ந்து முகம் சுளிக்கிறார்.

ஆகவே, கோடை விடுமுறையில் இசைப் பயிற்சி நடத்தும் சேகரங்கள் (பல சபைகள் சேர்ந்த நிர்வாக அமைப்புகள்), கிட்டார், கீபோர்டு வகுப்புகளோடு, ஒரு நாளாவது மின்சாரத்தை நிறுத்திவிட்டு, வயதானவர்கள் நிறைந்த ஒரு சபையின் முன் இப்பிள்ளைகளைப் பாடல் நடத்த வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சபைப் பாடகர் ஒருவர்,
களியக்காவிளை.