"மெடிகேர் பார்த்துக்கொள்ளும்"

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் முதுகுவலிக் கட்டுரையில், முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்யும் கைரோபிராக்டரிடம் போகும் பெரியவர்கள் பணத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, "மெடிகேர் பார்த்துக்கொள்ளும்" என்றொரு வரி இருந்தது. நியூ ஜெர்சியில் 26 ஆண்டுகள் கணக்கு எழுதிப் பிழைத்த என்னால் அந்த வரியைத் தாண்டிப் படிக்க இயலவில்லை.

பெரும்பாலும் 65 வயதைக் கடந்தவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் மருத்துவக் காப்பீடான மெடிகேர் எதைப் பார்த்துக்கொள்கிறது என்பது தாங்கள் அறியாததல்ல. முதுகெலும்பைக் கையால் சரிசெய்யும் சிகிச்சைக்கு மட்டும், அதுவும் மேலும் குணமாக இடமிருக்கும் வரைதான் அது பணம் தருகிறது. கைரோபிராக்டர் எடுக்கச் சொல்லும் எக்ஸ்ரேவுக்கும், மசாஜுக்கும், மாதந்தோறும் போய்வரும் பராமரிப்புச் சிகிச்சைக்கும் ஒரு காசு தருவதில்லை. ஏற்றுக்கொண்ட சிகிச்சையிலும் ஐந்தில் ஒரு பங்கு நம் தலையில்தான். இவையெல்லாம் அந்த ஒரு வரிக்குள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று கட்டுரையாளரிடம் கேட்டுச் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இடுப்புப் பிடிப்புக்காக நானும் ஒருவரிடம் போனேன். கைத்திறமையைக் குறை சொல்ல மாட்டேன். நான்காம் முறையே குனிந்து செருப்பு மாட்ட முடிந்தது. "உங்கள் 20 சதவீதத்தை நாங்கள் வாங்குவதில்லை, அங்கிள்" என்று வரவேற்பறைப் பெண் சொன்னபோது பெருந்தன்மை என்றே எண்ணினேன். இல்லாதவர் ஒருவரின் நிலையை விசாரித்து விட்டுக்கொடுப்பது வேறு. வருகிறவர்க்கெல்லாம் வழக்கமாக விட்டுக்கொடுத்தால், அது நோயாளியை இழுக்கத் தரும் கையூட்டாகச் சட்டத்தின் முன் நிற்கக்கூடும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

அந்தப் பெருந்தன்மையின் விலை தபாலில் வந்த மெடிகேர் கணக்கில் தெரிந்தது. இடுப்பை மட்டும் தொட்டதற்கு, ஒன்றிரண்டு பகுதிகளுக்குரிய 98940 என்ற கட்டணக் குறியீட்டை விட்டுவிட்டு, கழுத்து முதல் இடுப்புக்கூடு வரை ஐந்து பகுதிகளுக்குமான 98942-ஐப் போட்டிருந்தார்கள். பேத்தியின் பட்டமளிப்புக்காக நான் டெக்சாஸில் இருந்த நாளன்றும் எனக்குச் சிகிச்சை நடந்திருக்கிறது. அவ்வளவு நீளமான கை! மெடிகேர் தராவிட்டால் நானே கட்டுவதாக ஒப்புக்கொள்ளும் படிவத்தில், எந்தச் சிகிச்சை, என்ன காரணம், எவ்வளவு தொகை என்று நிரப்பிய பிறகே கையொப்பம் கேட்க வேண்டும். எனக்கு வெற்றுப் படிவத்தை நீட்டி, "எல்லோரும் போடுகிறார்கள்" என்றார்கள்.

என் ஒருவன் புலம்பல் என்று ஒதுக்க வேண்டாம். 2013-இல் கைரோபிராக்டிக் சிகிச்சைக்கு மெடிகேர் கொடுத்ததில் ஏறத்தாழ 82 சதவீதம், அதாவது 35 கோடி டாலருக்கும் மேல், விதிக்கு உட்படாதது என்று அமெரிக்கச் சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2016-இல் மதிப்பிட்டது. அத்தனையும் மோசடி என்று நான் சொல்லவில்லை; மருத்துவத் தேவை இல்லாத சிகிச்சைக்குப் போனதே அதில் பெரும்பகுதி.

இதையெல்லாம் சென்ற ஆண்டே எழுதி அனுப்பினேன். இடமில்லை போலும். முதுகுவலிக் கட்டுரை வந்த அதே இதழின் பின்னட்டையில் "முதல் வருகை இலவசம்" என்ற விளம்பரத்துக்கு முழுப்பக்கம் கிடைத்திருப்பதைக் கண்டு மகிழ்ந்தேன்.

அந்த வரிக்கு ஒரு திருத்தமும், மெடிகேர் கணக்கில் தேதியையும் குறியீட்டையும் எப்படிச் சரிபார்ப்பது என்று அரைப்பக்கமும் வெளியிடக் கோருகிறேன். எழுத்து சற்றுப் பெரிதாக இருக்கட்டும். படிக்க வேண்டியவர்கள் என் வயதினர்.

தங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
எடிசன், நியூ ஜெர்சி
(பெயர் வெளியிட வேண்டாம்)