பிஎஸ்ஏ ஏ65 என்ஜின்: கிராங்க் ஷிம் தவறான பக்கம் போட்டது குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர், என்ஜின் பழுதுபார்ப்புப் பிரிவு

பொருள்: 1967 மாடல் பிஎஸ்ஏ ஏ65 மோட்டார் சைக்கிள் என்ஜினைக் கட்டணமின்றி மறுபடி பிரித்துச் சரிசெய்து தரக் கோருதல்

ஐயா,

தங்கள் பட்டறையில் அடிப்பாகம் பிரித்துக் கட்டிய இந்த என்ஜினுக்கான பில்லில், கிராங்க் எண்ட் பிளே (கிராங்க் பக்கவாட்டில் ஆடும் இடைவெளி) 2.5 தௌ என்று எழுதியிருக்கிறது. ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இப்போது என்ஜினில் இருப்பதோ 12.5 தௌ, அதாவது 0.32 மி.மீ. இந்த என்ஜினுக்கு இருக்க வேண்டியது 1.5 முதல் 3 தௌ வரைதான்.

பிரைமரி கவர், ரோட்டார், செயின் எல்லாம் கழற்றி, கிராங்க் முனையில் டயல் கேஜ் வைத்து, கிராங்கை இரு பக்கமும் தள்ளி அளந்த அளவு இது. பேரிங்கின் உள் வளையம் தளர்ந்திருந்தால் அளவு பொய்யாக வரும் என்பதால், தகுந்த ஸ்பேசர் கொடுத்து நட்டை முழுதாக முறுக்கிய பிறகே அளந்தேன். மூன்று முறையும் முள் ஒரே இடத்தில் நின்றது.

காரணமும் கண்ணுக்குத் தெரிந்தது. ஸ்ப்ராக்கெட்டை உருவி, ஆயில் சீலுக்குள் இருக்கும் ஸ்பேசரை இழுத்தபோது, அதன் பின்னாலேயே ஒரு ஷிம் (இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய வளையத் தகடு) ஒட்டிக்கொண்டு வந்தது. மைக்ரோமீட்டரில் சரியாக 10 தௌ. அது இருக்க வேண்டிய இடம் கிராங்க் வெப்புக்கும் (கிராங்கின் பக்கச் சுவர்) பேரிங் உள் வளையத்துக்கும் நடுவில். தாங்கள் போட்டிருப்பது வளையத்துக்கு வெளிப்புறம். அங்கே அது ஸ்ப்ராக்கெட்டை 10 தௌ வெளியே தள்ளுமே தவிர, எண்ட் பிளேயை ஒரு தௌ கூடக் குறைக்காது. ஷிம்மை எடுத்துவிட்டு நட்டை முறுக்கி மறுபடி அளந்தேன். அதே 12.5.

12.5-இல் 10 போனால் 2.5. பில்லில் இருக்கும் அளவும் அதுவே. ஆக, ஒத்திகையாகக் கட்டிப் பார்த்தபோது தங்கள் ஆள் சரியான ஷிம்மைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார். கடைசியாகப் பேஸ்ட் தடவிக் கேஸை மூடும்போது இடம் மாறிவிட்டது. அதன்பின் யாரும் கேஜ் வைத்துப் பார்க்கவில்லை. இரண்டு நிமிட வேலை அது.

"பழைய என்ஜின், கொஞ்சம் பிளே இருக்கும், ஓட்ட ஓட்ட சரியாகிவிடும்" என்று தொலைபேசியில் சொன்ன பதிலை ஏற்க முடியாது. ஓட்ட ஓட்டப் பிளே கூடும், குறையாது. சூடானால் அலுமினியக் கேஸ் இரும்புக் கிராங்கைவிட அதிகம் விரிவதால், குளிரில் அளந்ததைவிட இன்னும் கூடும். கிராங்க் ஒவ்வொரு முறை பக்கவாட்டில் ஆடும்போதும் மறுமுனையில், அதாவது டைமிங் பக்கத்தில், கிராங்கின் பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்கும் த்ரஸ்ட் வாஷரும், கிராங்க் சுழலும் புஷ்ஷின் முகமும் அடி வாங்கும். இரண்டு பிக் எண்டுக்கும் (கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் இடம்) ஆயில் போவதே அந்தப் புஷ் வழியாகத்தான். புஷ் தேய்ந்து ஆயில் அங்கேயே கசிந்தால், முதலில் காய்வது தொலைவில் இருக்கும் டிரைவ் பக்கப் பிக் எண்ட். பிறகு கனெக்டிங் ராடு கேஸை உடைத்துக்கொண்டு வெளியே வரவும் கூடும். இந்தக் கேஸுக்கு மாற்றுத் தேடுவது எவ்வளவு கடினம் என்பது தங்களுக்குத் தெரியும்.

எனவே கேஸைப் பிரித்து, ஷிம்மை உள்பக்கம் போட்டு, புதிய த்ரஸ்ட் வாஷர் வைத்துத் தர வேண்டும். புஷ்ஷின் முகத்தில் கோடு விழுந்திருந்தால் புஷ்ஷையும் மாற்றி, டிரைவ் பக்கப் பேரிங்குக்கு நேராக லைன் போரிங் (இரண்டும் ஒரே நேர்கோட்டில் வரும்படி துளையைக் கடைதல்) செய்ய வேண்டும். முகத்தை அரம் போட்டுத் தேய்த்துச் சமாளிக்க வேண்டாம். கேஸ் போல்ட்டுகளும் கிராங்க் நட்டும் கடைசியாக முறுக்கிய பிறகு எடுத்த அளவு, கேஜின் படத்தோடு எனக்கு வேண்டும். கேஸ்கெட், ஆயில் சீல், கூலி எல்லாம் தங்கள் பொறுப்பு.

15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் அளிப்பேன். அந்த 10 தௌ ஷிம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. என்ஜினைக் கொண்டுவரும்போது நேரில் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், டயல் கேஜ் படங்கள் 3, ஷிம் இருந்த இடத்தின் படம் 1