குவாங்சோவுக்குப் புறப்படும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

வேலை உறுதியாகி, வேலைக்கான இசட் விசாவும் கைக்கு வந்துவிட்டது. பெட்டியில் என்னென்ன வைப்பது என்பதை அம்மா பார்த்துக்கொள்வாள். பெட்டியில் அடங்காதவற்றை நான் எழுதுகிறேன். விமானத்தில் ஒருமுறை, போய் இறங்கிய வாரத்தில் ஒருமுறை படி.

சீனாவில் ரயில் நிலைய வாயில், வங்கி இயந்திரம், ஆஸ்பத்திரிப் பதிவு, அருங்காட்சியக முன்பதிவு எல்லாமே 18 இலக்க அடையாள எண் வைத்திருக்கும் குடிமக்களை மனதில் வைத்துச் செய்தவை. உன்னிடம் இருப்பது பாஸ்போர்ட் எண். அதனால் பல இடங்களில் திரை உன்னை ஏற்காது. உன் எண்ணை நிரப்ப அதில் கட்டம் இல்லை என்பதே காரணம், மனம் நோகாதே. திரையோடு மல்லுக்கட்டாமல் பக்கத்தில் நிற்கும் ஊழியரிடம் பாஸ்போர்ட்டை நீட்டு. ‘ரென்கோங்’ என்று எழுதிய வழி எங்கும் ஒன்று இருக்கும். மனிதர் கையால் பார்த்து அனுப்பும் வழி அது. அந்த இரண்டு சீன எழுத்தின் உருவத்தை முதல் வாரத்திலேயே கண்ணுக்குப் பழக்கிக்கொள். பதினாறு வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டவர் பாஸ்போர்ட்டை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். நகல் போதாது.

அடுத்தது தங்குமிடப் பதிவு. ஓட்டலில் தங்கினால் அவர்களே செய்துவிடுவார்கள். வீட்டுக்குக் குடிபோனால் 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் நீயே பதிய வேண்டும். தவறினால் எச்சரிக்கை, கூடவே 2,000 யுவான் வரை அபராதம். பாஸ்போர்ட், விசாவும் நுழைவு முத்திரையும் உள்ள பக்கங்களின் நகல், வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரரின் அடையாள அட்டை நகல், வீட்டுப் பத்திர நகல் ஆகியவற்றை எடுத்துப் போ. சிக்கல் வருவது கடைசி இரண்டில்தான். வாடகை வருமானம் கணக்கில் ஏறிவிடும் என்று சில வீட்டுக்காரர்கள் பத்திர நகல் தரத் தயங்குவார்கள். ஒரு மாத வாடகை முன்பணம், அதோடு மூன்று மாத வாடகை முன்கூட்டியே என்பது சீனாவின் பல நகரங்களில் உள்ள வழக்கம். அவ்வளவு பணமும் கைமாறிய பிறகு பத்திரத்தைக் கேட்டால் உன் பேச்சு எடுபடாது. பணம் கொடுக்கும் முன்பே, “பதிவுக்குப் பத்திர நகல் தருவீர்களா?” என்று கேள். மழுப்பினால் வேறு வீடு பார். வீடு மாறினாலும் பாஸ்போர்ட் புதுப்பித்தாலும் மறுபடி பதிய வேண்டும்.

இசட் விசா ஒருமுறை நுழைவதற்கு மட்டுமே. நுழைந்த 15 நாளுக்குள் வேலை அனுமதிக்கும் 30 நாளுக்குள் வசிப்பு அனுமதிக்கும் விண்ணப்பிக்க வேண்டும். இடையில் மருத்துவப் பரிசோதனை உண்டு. ரத்தம் எடுப்பார்கள் என்பதால் காலையில் வெறும் வயிற்றோடு போ. வசிப்பு அனுமதி வரும்வரை பாஸ்போர்ட் அவர்களிடமே இருக்கும், கையில் ரசீதுதான். அந்த நாட்களில் வெளியூர்ப் பயணம் எதுவும் வைத்துக்கொள்ளாதே.

இப்போது பெயர் விஷயம். நம்மவர்கள் அதிகம் திணறுவது இங்கேதான். நம் பாஸ்போர்ட்டுகள் பலவற்றில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே போயிருக்கும். சீனக் கணினியில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாதபோது ஆளுக்கொரு விதமாக நிரப்புவார்கள். சிம் கடையில் ஒரு வரிசை, வங்கியில் வேறு வரிசை, ஒரு இடத்தில் இடைவெளியோடு, இன்னொரு இடத்தில் சேர்த்து. பார்வைக்குச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் சிம், வங்கிக் கணக்கு, பணம் கட்டும் செயலி ஆகிய மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாவிட்டால் கணக்கு இணையாது, காரணமும் சொல்லாது. பாஸ்போர்ட் படப் பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கிறதே, அதில் பெயர் எந்த வரிசையில் இருக்கிறதோ அதையே எங்கும் காட்டு. கையெழுத்துப் போடும் முன் திரையைத் திருப்பிக் காட்டச் சொல். திரையை ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு அடுத்த இடத்தில் அதைக் காட்டு.

சிம்மை நிறுவனத்தின் சொந்தக் கடையில் வாங்கு. தெருவில் விற்பவை வேறொருவர் பெயரில் இருக்கலாம். அந்த எண் கிடைத்த பிறகு வங்கிக் கணக்கு, அதன் பிறகு பணம் கட்டும் செயலியான அலிபே, அரட்டையும் பணமும் சேர்ந்த வீசாட் என்று அந்த வரிசையில் போ. சம்பளக் கணக்கு வரும்வரை நம் ஊர் விசா கார்டையோ மாஸ்டர்கார்டையோ அலிபேயில் இணைக்கலாம். கிளம்பும் முன்பே வங்கியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வை. 200 யுவான் வரையிலான செலவுக்குக் கட்டணம் இல்லை, அதற்கு மேல் 3 சதவீதம். வெளிநாட்டு அட்டை வழியாகத் தனிநபருக்குப் பணம் அனுப்புவது பல சமயம் முடியாது. தள்ளுவண்டிக்காரர் தன் சொந்தக் கணக்கின் கியூஆர் மாட்டியிருந்தால் உன் பணம் போகாமல் நிற்கலாம். அதற்காகப் பத்து, இருபது யுவான் நோட்டுகள் கொஞ்சம் பையில் இருக்கட்டும்.

வாட்ஸ்அப், கூகுள், ஜிமெயில், யூடியூப் எதுவும் அங்கத்திய இணையத்தில் திறக்காது. வீசாட்டை 2020 ஜூனில் இந்தியா தடை செய்தது, ஆகவே அதில் எங்களோடு பேச முடியாது. இந்திய சிம்மில் ரோமிங் போட்டிருந்தால் அதன் டேட்டா நம் நாட்டு வலைப்பின்னல் வழியாகப் போவதால் வாட்ஸ்அப் வேலை செய்யும். அந்த சிம்மை உயிரோடு வைத்திரு, வங்கி ஓடிபியும் அதில்தானே வரும். வீசாட் கணக்குத் தொடங்கும்போது ஏற்கெனவே பயன்படுத்தும் ஒருவர் தன் போனில் ஸ்கேன் செய்து உறுதி செய்ய வேண்டிவரும். அலுவலகத்தில் ஒருவரைக் கேள், தயங்காமல் செய்வார்கள். கூகுள் வரைபடம் திறந்தால்கூட நம்பாதே. இடங்களை வரைபடத்தில் குறிக்கச் சீனா தனக்கென்று வேறு ஆயத்தொலைவு முறை வைத்திருப்பதால் சாலையும் புள்ளியும் சில நூறு மீட்டர் தள்ளி நிற்கும். சீனச் செயலியான காவ்தே வரைபடத்தைப் பயன்படுத்து.

பவர் பேங்க் இங்கிருந்து வேண்டாம். 2025 ஜூன் 28 முதல், 3சி என்ற சீனத் தரச்சான்று முத்திரை இல்லாத பவர் பேங்கை உள்நாட்டு விமானங்களில் அனுமதிப்பதில்லை. அங்கேயே முத்திரை பார்த்து வாங்கு. மின்சாரம் அங்கே 220 வோல்ட், நம் 230-க்கு அருகில்தான். நம் உருண்டைப் பின் நுழையாது, மாற்றுப் பிளக் இரண்டு போதும். பாலில் செய்த இனிப்பு, பழம், முழு விதைகள் சுங்கத்தில் நிற்கும். கசகசாவை நினைத்தே பார்க்காதே. மசாலாவைப் பொடியாக, கடையில் அடைத்த பொட்டலமாகக் கொண்டுபோ.

குவாங்சோ வீட்டில் சூடேற்றும் ஏற்பாடு இருக்காது. வீடுகளுக்குப் பொதுச் சூடேற்றம் சின்லிங் மலைக்கும் ஹுவாய் ஆற்றுக்கும் வடக்கில்தான். ஜனவரியில் வீட்டுக்குள்ளேயே குளிரும். அதைவிடப் படுத்துவது பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வந்துபோகும் ‘ஹுய்நான்தியன்’. குளிர்ந்து கிடக்கும் சுவரிலும் தரையிலும் தென்கடலிலிருந்து வரும் சூடான ஈரக்காற்று பட்டு, வீடு முழுக்க நீர் வியர்க்கும். காற்று வந்தால் உலரும் என்று ஜன்னலைத் திறப்போமே, அதுதான் கெடுதல். ஈரம் இன்னும் உள்ளே வரும். ஜன்னலை மூடிவிட்டு ஏசியை ஈரம் நீக்கும் நிலையில் ஓட்டு. தோல் செருப்பு, பட்டுச் சேலை, மிளகாய்த்தூள் மூன்றும் முதலில் பூஞ்சை பிடிக்கும். தூள்களை ஃபிரிட்ஜில் வை.

சாப்பாட்டுக்கு வருகிறேன். நீ இறைச்சி தொடாவிட்டாலும் முட்டை சேர்ப்பாய் என்பது பெரிய நிம்மதி. “இறைச்சி வேண்டாம்” என்று சொன்னால் பல சமையல்காரர்கள் பன்றித் துண்டுகளை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுப்பார்கள். பன்றிக் கொழுப்பு, சிப்பிச் சாறு, கோழித்தூள், காய்ந்த இறால் இவையெல்லாம் அவர்களுக்குச் சுவைப்பொருள். ஏமாற்றும் எண்ணம் துளியும் கிடையாது. வாயால் சொன்னால் தொனி தவறி வேறாகிவிடும். இந்த நான்கின் பெயரையும் சீனத்தில் ஒரு சக ஊழியரிடம் எழுதி வாங்கி, போனில் வைத்துக் காட்டு. மாப்போ டோஃபுவிலும் வறுத்த பீன்ஸிலும் பெரும்பாலும் கொத்துக்கறி இருக்கும். காலைச் சிற்றுண்டியான டிம்சம் விற்கும் கடையில் முள்ளங்கிக் கேக் பார்க்கச் சைவமாகத் தெரியும்; உள்ளே தொத்திறைச்சியும் இறாலும் இருக்கும். தக்காளி முட்டை வறுவல், உருளைக்கிழங்குச் சீவல், கத்தரி-உருளை-குடைமிளகாய் மூன்றும் சேர்ந்த ‘தி சான் சியன்’, வெறும் அரிசிக்கஞ்சியான ‘பாய் ஜோ’ இவற்றைச் சொல்லலாம், எண்ணெய் எது என்று மட்டும் கேட்டுக்கொள். முழு நிம்மதியோடு சாப்பிட பௌத்தக் கோயில்களை ஒட்டிய சைவ உணவகங்கள் உண்டு. அங்கே பூண்டு வெங்காயம்கூடச் சேர்க்க மாட்டார்கள்.

விருந்துக்கு அழைத்தால் போய்விடு. அங்கே உறவு வளர்வது மேசையில்தான், அலுவலகத்தில் மூன்று மாதம் பேசி ஆகாதது ஒரு விருந்தில் ஆகும். உன் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டை முந்தின நாளே சொல்லிவிடு. மேசையில் உட்கார்ந்து மறுத்தால் அழைத்தவருக்கு எல்லோர் முன்னும் சங்கடம். எங்கே உட்கார வேண்டும் என்று அவர்கள் காட்டும்வரை நில். வாசலைப் பார்த்த இருக்கை முக்கியமானவருக்கு. சாப்பாட்டுக் குச்சியைச் சோற்றில் நட்டு வைக்காதே, அது இறந்தவருக்குப் படைக்கும் முறை. கோப்பையை மோதும்போது பெரியவரின் கோப்பையைவிட உன்னுடையது சற்றுத் தாழ்ந்திருக்கட்டும். மது வேண்டாமென்றால் தேநீரை உயர்த்தலாம். குவாங்சோவில் யாராவது தேநீர் ஊற்றினால் இரு விரலால் மேசையை மெல்லத் தட்டு, அதுவே நன்றி. கெண்டியின் மூடியைச் சரித்து வைத்தால் வெந்நீர் ஊற்ற வருவார்கள். பில்லுக்கு முட்டி மோதுவார்கள். ஒரு தடவை அவர்கள் கொடுத்தால் அடுத்த தடவை நீ அழைக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதே.

சம்பளம் எவ்வளவு, கல்யாணம் எப்போது என்று முன்பின் தெரியாதவரும் கேட்பார். நம் ஊர் பஸ்ஸில் கேட்பதில்லையா, அப்படித்தான் எடுத்துக்கொள். வேலையில் “பார்க்கலாம்”, “கொஞ்சம் கஷ்டம்”, “ஆலோசிக்கிறோம்” என்று வந்தால் பெரும்பாலும் முடியாது என்றே பொருள். அதற்கு மேல் கூட்டத்தில் அழுத்தாமல் தனியாகப் போய்க் கேள். மேலதிகாரியின் தவறை எல்லோர் முன்னும் சுட்டாதே. சரியாகவே சொல்லியிருந்தாலும் அவர் மானம் போனதுதான் நினைவில் நிற்கும். பரிசு கொடுத்தால் இரு கையால் கொடு. கடிகாரம் கொடுக்காதே.

ரயிலுக்கு 12306 செயலியில் பாஸ்போர்ட் எண்ணோடு பதிந்துகொள். சீட்டு 15 நாளுக்கு முன் திறக்கும், சீனப் புத்தாண்டான வசந்த விழாக் காலத்தில் திறந்த நிமிடமே தீரும். பாஸ்போர்ட்தான் சீட்டு. குவாங்சோவில் நிலையங்கள் பல. தெற்கு நிலையம் நகர மையத்திலிருந்து வெகு தூரம், பெயரில் உள்ள திசையைப் பார்த்துப் பதிவு செய். விடுமுறை கிடைத்தால் ஃபூஜியானில் உள்ள சுவான்சோவுக்குப் போய் வா. அங்கே கிடைத்த 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவனை எழுந்தருளச் செய்ததைச் சொல்கிறது. கையுவான் கோயிலின் பின்புறத் தூண்களில் நம் தெய்வங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர்கள் அந்த ஊரில் வெளிநாட்டவராக வாழ்ந்து கோயிலும் கட்டியிருக்கிறார்கள் என்பதை நேரில் பார்க்க வேண்டும், பாப்பா.

உடம்புக்கு முடியாவிட்டால் அரசுப் பெரிய ஆஸ்பத்திரிக்கே போ. முதலில் பதிவுச் சீட்டு, பிறகு மருத்துவர், பிறகு பணம், பிறகு பரிசோதனை, முடிவோடு அதே மருத்துவரிடம், மறுபடி பணம், கடைசியில் மருந்து. பணம் கட்டாமல் அடுத்த படி நகராது. ஆம்புலன்ஸுக்கு 120, போலீஸுக்கு 110. விசா, பதிவு பற்றிய சந்தேகத்துக்கு 12367, ஆங்கிலத்திலும் பேசுவார்கள்.

மாலையில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தால் பணம் தருகிறோம் என்று யாராவது வருவார்கள். ஏற்காதே. அனுமதியில் எழுதிய நிறுவனத்தைத் தவிர வேறெங்கும் வேலை செய்வது சட்ட மீறல். 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம், கடுமையாகப் பார்த்தால் 5 முதல் 15 நாள் காவல்.

பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், பதிவுச் சீட்டு நான்கையும் படமெடுத்து எங்களுக்கு அனுப்பிவிடு. குவாங்சோவில் நம் துணைத் தூதரகம் இருக்கிறது. முகவரியைச் சீன எழுத்தில் அச்சடித்துப் பர்ஸில் வை. அங்கே இரவு எட்டரை ஆகும்போது இங்கே மாலை ஆறு. அந்த நேரத்தில் கூப்பிடு, அம்மாவும் வீட்டில் இருப்பாள்.

அப்பா