வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்பும் முன்

வணக்கம். வாட்ஸ்அப்பிலும் சமூக ஊடகப் பக்கங்களிலும் அறிவிப்பு எழுதுகிற எல்லோரும் கவனிக்கவும்.

விஷயம் முதல் வரியிலேயே வந்துவிட வேண்டும். இன்ஸ்டாகிராமில் ஏறக்குறைய 125 எழுத்துகளுக்குப் பிறகு மீதி மடிந்துவிடும். "அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு ஒரு மகிழ்ச்சியான செய்தி" என்று தொடங்கினால் அந்த இடத்தில் ஏறக்குறைய பாதி வீண். "ஞாயிறு (தேதி) விடுமுறை. ஆர்டர்கள் திங்கள் (தேதி) காலை 10 மணி முதல் அனுப்பப்படும்" என்றால் போதும். "நாளை" என்று எழுதவே வேண்டாம்; மறுநாள் படிப்பவருக்கு நாள் தப்பிவிடும். கிழமை, தேதி, நேரம் மூன்றையும் போடுங்கள்.

எஸ்எம்எஸ் அனுப்புகிறவர்களுக்கு: ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 குறியீடு (எழுத்து, குறி, இடைவெளி எல்லாம் சேர்த்து), தமிழில் 70தான். அதைத் தாண்டினால் துண்டு துண்டாகப் பிரியும், துண்டுக்கு 67தான். கட்டணமும் பெரும்பாலும் துண்டுக்குத்தான். புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். "கடைக்கு" நம் கண்ணுக்கு 4 எழுத்து, கணக்கில் 7. அனுப்பும் முன் எண்ணிக்கையைப் பாருங்கள்.

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் (ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பட்டியல்) அனுப்பினால், நம் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். எல்லோருக்கும் போயிற்று என்று நம்பிவிடாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பியதைத் திருத்த 15 நிமிடம்தான். அதற்குப் பிறகு பிழை தெரிந்தால், "திருத்தம்" என்று தொடங்கிச் சரியான தகவலைப் புதிதாக அனுப்புங்கள். சத்தமில்லாமல் பழையதை அழித்தால், முன்பே படித்தவர் பழைய நேரத்துக்குத்தான் வந்து நிற்பார். அது நியாயமில்லை.

புகார் வந்தால் பொதுவில் ஒரு பதில் போடுங்கள். ஆர்டர் எண், முகவரி எல்லாம் தனிச் செய்தியில் மட்டும் கேளுங்கள்.