எட்டாம் வகுப்புக்கு ஒரு தராசு: ஆய்வுக்கு வந்து சென்ற அலுவலருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். உசிலம்பட்டியிலிருந்து பேரையூர் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் நடுநிலைப் பள்ளி ஒன்றின் அறிவியல் ஆசிரியை எழுதுகிறேன். பள்ளியின் பெயர் உங்களுக்குத் தெரியும். சென்ற மாதம் ஆய்வுப் பதிவேட்டில் நீங்களே எழுதிவிட்டுப் போனீர்கள். "எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு எளிய வேதிச் சமன்பாட்டைக் கூடச் சமன் செய்யத் தெரியவில்லை. ஆசிரியர் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும்." அதற்குக் கீழே என் கையெழுத்தும் இருக்கிறது. விளக்கம் கேட்டுக் கடிதம் வருவதற்கு முன்னால் நானே எழுதிவிடலாம் என்றுதான் இது. கேட்கப்போவது ஒன்றே ஒன்று, ஒரு தராசு. அது எதற்கு என்பதைச் சொல்லக் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று நீங்கள் கரும்பலகைக்குக் கூப்பிட்ட பிள்ளையை ஞாபகம் இருக்கும். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீர் ஆவதை எழுதச் சொன்னீர்கள், எழுதினாள். சமன் செய், அம்புக்குறிக்கு இரண்டு பக்கமும் அணுக்களின் எண்ணிக்கை ஒத்துப்போக வேண்டும் என்றீர்கள். இந்தப் பக்கம் ஆக்சிஜன் இரண்டு, அந்தப் பக்கம் ஒன்று என்று விரல் வைத்து எண்ணினாள். பிறகு ஹெச்டூஓவின் வாலில், கீழே, ஒரு சின்ன இரண்டைச் செருகினாள். இப்போது இரண்டு பக்கமும் ஹைட்ரஜன் இரண்டு, ஆக்சிஜன் இரண்டு. "சரியாத்தானே சார் இருக்கு?" என்று உங்களையே கேட்டாள். நீங்கள் டஸ்டரை வாங்கி அழித்துவிட்டு, ஹைட்ரஜனுக்கு முன்னால் ஒரு இரண்டும் தண்ணீருக்கு முன்னால் ஒரு இரண்டும் போட்டு, "இதைப் பத்துத் தரம் எழுதிப் பாரு" என்று சொல்லிவிட்டுச் சத்துணவுக் கூடத்தைப் பார்க்கப் போய்விட்டீர்கள்.

அவள் எழுதியது தண்ணீர் இல்லைதான். அது ஹைட்ரஜன் பெராக்சைடு. புண்ணில் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு வருமே, அந்தச் சரக்கு. ஆனால் ஐயா, எண்ணத் தெரிந்த பிள்ளைதான் இந்தத் தப்பைச் செய்யும். எண்ணத் தெரியாத பிள்ளை சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்கும். பின்னால் கீழே இருக்கும் சின்ன எண்ணை மாற்றினால் பொருளே வேறு ஆகிவிடும், முன்னால் போடும் எண் மட்டும்தான் நம் கையில் இருக்கிறது என்பது பத்துத் தரம் எழுதி வருகிற ஞானம் இல்லை. கையால் செய்து பார்த்தால்தான் வரும்.

செய்யாமலும் இல்லை. கண்மாய்க் களிமண்ணை உருட்டி, பெரிய உருண்டை ஆக்சிஜன், சின்ன உருண்டை ஹைட்ரஜன், இடையில் ஈர்க்குச்சி. ஹைட்ரஜன் ஒரு குச்சிதான் வாங்கும், ஆக்சிஜன் இரண்டு வாங்கும்; இணைதிறன் பாடம் அங்கேயே முடிந்தது. கோத்ததைப் பிரிக்கலாம், வேறு மாதிரி கோக்கலாம். உருண்டையைப் பிய்க்கக் கூடாது, பெஞ்சுக்கு அடியில் ஒளிக்கவும் கூடாது. இதுதான் விதி. தண்ணீர் கோக்கச் சொன்னால் ஒரு ஆக்சிஜன் மிஞ்சும். "ஒண்ணு அனாதையா நிக்குது டீச்சர்" என்பார்கள். அதற்கும் ஒரு ஜோடி ஹைட்ரஜனைக் கொண்டுவந்து சேர்த்தால் இரண்டாவது தண்ணீர் வந்துவிடும். முன்னால் போடுகிற இரண்டு எங்கிருந்து வருகிறது என்று நான் சொல்லவே வேண்டாம். அந்தப் பிள்ளை எழுதிய பெராக்சைடையும் கோக்கலாம், குச்சிக்கு இடம் இருக்கிறது. மேசையில் தண்ணீருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றில்லை என்று அவளே சொல்லுவாள். நீங்கள் வந்த அன்று நாங்கள் இணைதிறனோடு நின்றிருந்தோம். அந்த வாரம் பாடவேளைகள் எங்கே போயின என்று பிறகு சொல்கிறேன்.

ஆனால் களிமண் உருண்டை நான் சொன்னபடி ஆடும். நிஜப் பொருளும் அப்படித்தான் ஆடுகிறதா என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை கேட்கத்தான் செய்யும். என் வகுப்பில் ஒருவன் கேட்டான்: "சூடம் எரிஞ்சா ஒண்ணுமே மிஞ்சலையே டீச்சர். அப்ப அந்தப் பக்கம் சைபர்தானே?"

மதுரைப் பக்கத்துப் பிள்ளை வேறு எதைப் பார்த்து வளர்ந்திருக்கும்? கோயில் தட்டில் கண் முன்னால் தீர்ந்து போகிற பொருள் அது. நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். 1 கிராம் சூடம் முழுசாக எரிய ஏறக்குறைய 2.8 கிராம் ஆக்சிஜனை இழுக்கிறது. கார்பன் டை ஆக்சைடாக 2.9 கிராமும், நீராவியாகக் கிட்டத்தட்ட ஒரு கிராமும் வெளியே போகிறது. காணாமல் போனதாக நாம் நினைப்பது, சூடத்தைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு கனத்தோடு காற்றில் நிற்கிறது. கேட்டுக்கொண்டான். நம்பினானா என்றால், நான் சொன்னதால் தலையாட்டினான். வேதிவினைக்கு முன்னும் பின்னும் மொத்த நிறை ஒன்றுதான் என்கிற நிறை மாறா விதியைத் தலையாட்டி ஏற்றுக்கொள்வதும் ஆய்வில் பத்துத் தரம் எழுதுவதும் ஒன்றுதான்.

எடை போட்டுக் காட்ட வேண்டும் ஐயா. தராசு வேண்டும் என்பது இதனால்தான்.

"பள்ளியில் தராசு இருப்பதாகப் பதிவேட்டில் உள்ளதே" என்று நீங்கள் கேட்பீர்கள். இருக்கிறது. தலைமை ஆசிரியர் அறை பீரோவில், மேல் தட்டில், மரப்பெட்டிக்குள். ஒரு தட்டின் சங்கிலி துருப்பிடித்து அறுந்து, யாரோ தையல் நூலால் கட்டியிருக்கிறார்கள். எடைக்கற்கள் பெட்டியில் பாதிக் குழி காலி. முள் நடுவில் நிற்கவே நிற்காது, எதுவுமே வைக்காமல் இடது பக்கம் சாயும். இதையும் வகுப்புக்கு எடுத்துப்போக முடியாது. உடைந்தால் இருப்புப் பதிவேட்டில் யார் கணக்குச் சொல்வது? ஏற்கெனவே உடைந்த பொருளைப் பூட்டிப் பாதுகாக்கும் பொறுப்பு எங்களுக்கு இருக்கிறது.

அதனால் நான் ஊர் அடகுக் கடையில் போய்க் கேட்டேன். நகை நிறுக்கிற மின்னணுத் தராசு. ஒரு மணி நேரம் தருவதற்கு அவர் ரொம்ப யோசித்தார். கடைசியில் தந்தார், தராசோடு தானும் வந்தார். பெஞ்சில் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை, கை தராசுக்குப் பக்கத்திலேயே இருந்தது. வினிகர் ஒரு சொட்டு தட்டில் சிந்தியபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.

செய்தது இவ்வளவுதான். ஒரு லிட்டர் குளிர்பான பாட்டிலில் கால் டம்ளர் வினிகர். இரண்டு கிராம் ஆப்ப சோடாவைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி, நூலில் பாட்டில் கழுத்தோரம் தொங்கவிட்டு மூடியை இறுகத் திருகி நிறுத்தோம். எண்ணைப் பலகையில் எழுதினோம். பாட்டிலைக் கவிழ்த்து ஆட்டியதும் பொங்கியது, பாட்டில் கல் மாதிரி விறைத்தது. மறுபடி நிறுத்தோம். அதே எண். மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று சத்தம். மறுபடி தட்டில் வைத்தால் முக்கால் கிராம் போலக் குறைந்திருந்தது. சூடம் கேட்ட பையன் பெஞ்சில் ஏறி நின்று, "போனது அந்தப் புஸ்ஸு டீச்சர்" என்றான். அதன் பிறகு அம்புக்குறிக்கு இரண்டு பக்கமும் ஏன் ஒத்துப்போக வேண்டும் என்று அந்த வகுப்பில் யாரும் கேட்கவில்லை. அது போன வருடத்து எட்டாம் வகுப்பு. இந்த வருடம் அடகுக் கடைக்காரர் "வியாபார நேரம் டீச்சர், மன்னிச்சுக்கங்க" என்றுவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளைகளுக்குத் தராசு கொடுப்பது அவர் வேலை இல்லையே.

(பாட்டிலின் வாயில் பலூனை மாட்டிச் செய்தால் அழகாக இருக்குமே என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். படம் எடுக்க அழகுதான். ஆனால் ஊதிய பலூனைக் காற்று மேலே தாங்கும், தராசு அந்த அளவுக்குக் குறைத்துக் காட்டும், "எடை குறையுதே" என்று ஒரு பிள்ளையாவது கண்டுபிடித்துவிடும். பயிற்சி கொடுத்தவர் தராசில் வைத்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது. அவரிடமும் தராசு இல்லையோ என்னவோ.)

எங்கள் பிள்ளைகளுக்குத் தராசு புதுசில்லை. விடியுமுன்னே மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுத்துவிட்டு வருகிற பிள்ளைகள் என் வகுப்பில் உண்டு. எடுப்புக் கூலி கிலோ கணக்கு. பனி ஈரத்தோடு பூ எடை கூடுதலாக நிற்கும், அதற்கு எவ்வளவு கழிப்பார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மாட்டுத்தாவணியில் பூவுக்குத் தராசு இருக்கிறது, ரேஷன் கடையில் அரிசிக்கு இருக்கிறது, பழைய பேப்பர்காரர் சைக்கிளில் கூட ஒன்று தொங்குகிறது. நிறை மாறா விதியைப் பாடமாக வைத்திருக்கிற பள்ளிக்கூடத்தில்தான் இல்லை.

இருக்கிறதைச் சொல்லாமல் விடக் கூடாது. சுவர் அகலத்துக்குத் திரை வந்திருக்கிறது. அதில் வண்ண வண்ண உருண்டைகள் தாமே ஓடிவந்து தாமே சமன் ஆகிக்கொள்கின்றன. பிள்ளைகளுக்கு வேலையே இல்லை. வருகைப்பதிவு செயலி, பயிற்சிச் செயலி, புகைப்படம் எடுத்து அனுப்ப ஒரு வாட்ஸ்ஆப் குழு, அனுப்பவில்லை என்று கேட்க இன்னொரு குழு. ஆறு, ஏழு, எட்டு மூன்றுக்கும் அறிவியல் நான் ஒருத்திதான். நீங்கள் வந்த வாரம் எட்டாம் வகுப்பின் அறிவியல் வேளைகளில் பெரும்பகுதி உங்கள் வருகைக்கான படிவங்களுக்கே போனது. சமன்பாடு ஏன் முடியவில்லை என்று கேட்டீர்கள். சமன்பாடு முடிந்திருக்கிறதா என்று பார்க்க நீங்கள் வருவதற்கான ஏற்பாட்டில் இருந்தோம்.

பிரான்சில் லவாய்சியர் என்று ஒருவர் இருந்தார். அவரும் ஒரு வகையில் அதிகாரிதான். அரசனுக்காக வரி வசூலித்த நிறுவனத்தில் பங்காளி. அந்த வருமானத்தில் கைதேர்ந்த ஆட்களிடம் சொல்லி நுட்பமான தராசுகளாகச் செய்து வாங்கினார். மூடிய பாத்திரத்துக்குள் பொருளை எரித்து, முன்னும் பின்னும் நிறுத்து, 1789-ல் புத்தகமாகவே எழுதினார். 1794 மே 8-ஆம் தேதி வரி வசூலித்த குற்றத்துக்குத் தலையை வெட்டினார்கள் என்பது வேறு கதை. நாம் பாடமாக வைத்திருக்கிற விதி அவர் தராசிலிருந்து வந்தது. கரும்பலகையில் பத்துத் தரம் எழுதி அவர் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். நீங்களும் மேலிடத்துக்கு எண்கள் காட்ட வேண்டியவர்தான் என்பது எனக்குத் தெரியும். ஒரு நாளில் எத்தனை பள்ளிகளுக்குத்தான் ஏறி இறங்குவீர்கள்.

"சில நூறு ரூபாய்ப் பொருள், நீங்களே வாங்கிக்கொள்ளலாமே?" என்று உங்கள் உதவியாளர் போகிற போக்கில் சொன்னார். வினிகர், ஆப்ப சோடா, சார்ட், ஸ்கெட்ச் பேனா எல்லாம் என் கைக்காசுதான், அதை யாரும் கேட்டதும் இல்லை, நானும் சொன்னதில்லை. தராசையும் வாங்கிவிடலாம். வாங்கினால் அது என் தராசு. அடுத்த கலந்தாய்வில் எனக்கு மாறுதல் வந்தால் என்னோடு பஸ் ஏறிவிடும். பிள்ளைகள் இங்கேயேதான் இருப்பார்கள். அது பள்ளியின் தராசாக இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். எங்கள் பள்ளிக்கு மட்டும் என்றும் கேட்கவில்லை. ஆய்வகம் இல்லாத நடுநிலைப் பள்ளிகள் உங்கள் எல்லைக்குள் எத்தனை என்று உங்களிடம் பட்டியலே இருக்கும்.

கோரிக்கை இதுதான். அரைக் கிலோ வரை நிறுக்கிற, 0.1 கிராம் காட்டுகிற மின்னணுத் தராசு ஒன்று. மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத ஊர் என்பதால் பேட்டரியில் ஓடுவதாக இருக்கட்டும். அதைவிட முக்கியம், அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாம், பழுதானால் ஆசிரியர் சம்பளத்தில் பிடிக்க மாட்டார்கள் என்று ஒரு வரி எழுத்தில் வேண்டும். அந்த வரி வராவிட்டால் புதுத் தராசும் பீரோவின் மேல் தட்டுக்குத்தான் போகும். பழையதற்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.

பதிவேட்டில் எழுதியதை அடிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. தராசு வந்த பிறகு, முன்கூட்டியே சொல்லாமல் ஒரு நாள் எட்டாம் வகுப்புக்கு வாருங்கள், படிவம் எதுவும் வேண்டாம். நீங்களே ஒரு சமன்பாடு கொடுங்கள், நான் வெளியே நிற்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
அறிவியல் பட்டதாரி ஆசிரியை,
மதுரை மாவட்டம்.