அப்பாவின் ஈரல் நோயில் துணைநின்றவர்களுக்கு

அன்புடையீர்,

அப்பா உப்புவெளியில் வீட்டில் இருக்கிறார். மாலையில் கடற்கரைவரை நடந்துவருகிறார். அடுத்த ஸ்கேன் என்ன சொல்லுமோ தெரியாது. அதுவரை நன்றியைத் தள்ளிப்போட எங்களுக்கு மனமில்லை.

முதலில் திருகோணமலைப் பொது வைத்தியசாலையின் கிளினிக் வைத்தியர். சலரோக மருந்துக்கு வந்தவரை வயிற்று ஸ்கேனுக்கு அனுப்பியவர் அவர்தான். ஈரலில் கட்டி என்றதும் ஊர் கேட்டது ஒரே கேள்வி: "குடிப்பாரோ?" கள்ளைக்கூடத் தொடாத மனிதர்! சலரோகமும் ஈரலில் படியும் கொழுப்பும் பல ஆண்டுகளில் ஈரலைத் தழும்பாக்கும், அந்தத் தழும்பில் புற்றுநோய் முளைக்கலாம் என்று வைத்தியர் உறவினர்கள் முன்னிலையிலேயே விளக்கினார். அன்றுதான் அம்மா தலைநிமிர்ந்தார். சாப்பாட்டுத் தட்டை வேறாக்கச் சொன்னவர்களுக்கும் வைத்தியரே பதில் சொன்னார்: புற்றுநோய் ஒட்டாது, இரத்தத்தால் தொற்றக்கூடியது ஹெபடைடிஸ் பி போன்ற வைரஸ், அது அப்பாவுக்கு இல்லை.

கொழும்பில் எங்களைப் பார்த்த நிபுணருக்கு எவ்வளவு சொன்னாலும் போதாது. சதை எடுத்துச் சோதிக்காமல் எப்படி முடிவு செய்தீர்கள் என்று அண்ணா சற்றுக் கடுமையாகவே கேட்டார். அவர் கோபிக்கவில்லை. தழும்பேறிய ஈரலில், சாயமருந்து ஏற்றிப் பல கட்டங்களாக எடுக்கும் சி.டி. ஸ்கேனில் கட்டி முதலில் பளிச்சிட்டுப் பின் மங்கினால், பெரும்பாலும் அதுவே போதும் என்றார். மீதி ஈரல் தாங்காது என்பதால் வெட்டி அகற்ற முடியாது என்பதையும் ஒளிக்கவில்லை. கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் படம் கீறினார்: நல்ல ஈரலுக்குப் பெரும்பங்கு இரத்தம் குடலிலிருந்து வரும் நாளத்தால் வருகிறது, கட்டியோ தமனியில்தான் வாழ்கிறது. ஆகவே தொடையிடுக்கு வழியாக மெல்லிய குழாய் செலுத்தி, அந்தத் தமனிக்குள் மருந்தை விட்டு அடைப்பது. நோயைக் கட்டுப்படுத்தவே இது, முற்றாக மாற்ற அல்ல என்றும் சொன்னார். அந்த நேர்மைக்குத் தனி நன்றி.

கொழும்பு வைத்தியசாலை விடுதியில் (வார்டில்) கடமையாற்றிய கிண்ணியாத் தங்கைக்கு: சிங்களத்தில் சொல்லப்பட்ட எல்லாவற்றையும் அம்மாவுக்குத் தமிழில் சொன்னீர்கள். சிகிச்சைக்குப் பின் சில நாள் காய்ச்சலும் வலியும் வரலாம், எவ்வளவுக்கு மேல் போனால் ஓடிவரவேண்டும் என்று நீங்கள் முன்பே சொல்லியிராவிட்டால் நாங்கள் பயத்திலேயே பாதியாகியிருப்போம்.

தங்க இடமும் உப்புக் குறைத்த சோறும் தந்த வெள்ளவத்தைக் குடும்பத்தினருக்கும், இரவு ரயிலுக்கு ஆட்டோவில் ஏற்றிச்சென்று காசு வாங்க மறுத்த தம்பிக்கும் நன்றி.

கீழ்க்காய்நெல்லிக் கசாயத்தோடு வந்த பக்கத்து வீட்டு மாமிக்கும்தான். வைத்தியரைக் கேட்காமல் எந்த மூலிகையும் கொடுக்கக்கூடாது என்றதும் முகம் சுளிக்காமல், மறுநாள் மீன் சொதியோடு வந்தீர்கள். அப்பா இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

இப்படிக்கு,
நன்றியுடன் மகள்,
உப்புவெளி, திருகோணமலை