விண்ணப்பம் அனுப்பாதவர்களுக்கு ஒரு பரிசு

சட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா
4 மே 2025

அன்பு நண்பா,

நான் நலம். மொரீஷியசின் ரோஸ் ஹில்லில் நீயும் மகளும் பேரப்பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். உன் கடிதம் சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாள் கைக்கு வந்தது. பல்கலைக்கழக மாணவர்களின் தலைமைப் பண்பையும் சமூகத் தொண்டையும் பாராட்டி ஒரு பரிசு வழங்க உங்கள் கோயில் சங்கத்தில் பேச்சு நடப்பதாகவும், இங்கே எங்கள் தமிழ்ச் சங்கத்தில் அதை எப்படிச் செய்கிறோம் என்று விவரமாக எழுதும்படியும் கேட்டிருந்தாய். இந்த ஆண்டுத் தேர்வு முடியும் வரை பொறுத்திருந்தேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை, சுதந்திர நாளன்று, மூன்று மணி நேரம் வாதாடிய பிறகே ஒரு முடிவுக்கு வந்தோம்.

முதலில் எங்கள் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்களும் அதைச் செய்துவிடக் கூடாது. தொடக்கத்தில் நாங்களும் எல்லோரையும் போல ஒரு படிவம் அச்சடித்தோம். மதிப்பெண், வகித்த பதவி, தொண்டு செய்த மணிக்கணக்கு, இரண்டு பரிந்துரைக் கடிதங்கள் என்று கேட்டோம். வந்தவற்றில் பாதியில் ஜூலை 18, மண்டேலா நாளின் 67 நிமிடத் தொண்டுதான் இருந்தது. ரொட்டிக்கு வெண்ணெய் தடவியது, பள்ளிச் சுவருக்கு வண்ணம் அடித்தது என்று படங்களோடு அனுப்பியிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. நல்ல மனத்தோடுதான் செய்தார்கள். ஆனால் அந்த 67 நிமிடம் ஒரு மனிதர் பொதுவாழ்வுக்குக் கொடுத்த 67 ஆண்டுகளுக்கு அடையாளமாக வைக்கப்பட்டது. அடையாளத்தையே அளவுகோலாக்கியது எங்கள் பிழை. ஓர் ஆண்டு, சரளமாகப் பேசிய ஒரு மாணவருக்குப் பரிசைக் கொடுத்தோம். விழா முடிந்த பிறகு சமையற்கட்டுப் பெண்மணி ஒருவர் என்னை ஓரமாக அழைத்து, அந்த வேலையையெல்லாம் உண்மையில் செய்த பிள்ளை கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அந்தப் பிள்ளை ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று பிறகு விசாரித்தேன். சனிக்கிழமைகளில் ஒரு பேரங்காடியில் பணப்பெட்டியில் வேலை பார்த்தவர் அவர். தொண்டுக்காக விட்டுக்கொடுத்த சனிக்கிழமை ஒவ்வொன்றும் வீட்டுக்கு வராமல் போன கூலி. படிவத்தில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. 2018 முதல், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 350,000 ராண்டுக்குள் இருந்தால் அரசின் கல்வி உதவி கிடைக்கிறது என்பது உனக்குத் தெரியும். அதற்குச் சற்றே மேலே நிற்கும் குடும்பங்கள் உதவியும் கிடைக்காமல், கட்டணமும் கட்ட முடியாமல் நடுவில் அகப்பட்டுக்கொள்கின்றன. நம் பேட்டைகளில் அத்தகைய வீடுகள் ஏராளம். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தங்கள் தொண்டை எடுத்துச் சொல்ல நேரமும் இல்லை, பழக்கமும் இல்லை.

ஆகவே சென்ற ஆண்டு படிவத்தை நிறுத்தினோம். இப்போது யாரும் தமக்காக விண்ணப்பிக்க முடியாது. கோயில் அன்னதானக் கூடங்கள், முதியோர் இல்லங்கள், மருந்தகங்கள், பள்ளிகள் ஆகியவற்றுக்கு எழுதி, "உங்களிடம் தொடர்ந்து வரும் மாணவர் யார்?" என்று கேட்கிறோம். பிறகு எங்களில் இருவர் அந்த இடத்துக்கே போகிறோம். அங்கே நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அந்த மாணவர் வராத வாரத்தில் வேலை நடந்ததா? நடந்தது என்றால் மற்றவர்களைப் பழக்கி வைத்திருக்கிறார் என்று பொருள். நான் தலைமை என்று மதிப்பது அதைத்தான். இந்த முறையில் அலைச்சல் மிகுதி. ஸ்டாங்கர் வரை டாக்சியில் போய், சொன்னவர் ஊரில் இல்லாமல் திரும்பிய நாளும் உண்டு. ஆனாலும் இதை விட மாட்டேன்.

இனி இந்த ஆண்டுக் கதைக்கு வருகிறேன். 2022 ஏப்ரலில் இங்கே பெய்த பேய்மழையையும், நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்ட வெள்ளத்தையும் அப்போதே உனக்கு எழுதியிருந்தேன். டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட் ஊரின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அந்த வெள்ளத்தில் சிதைந்து, ஊர்க் குழாய்கள் மாதக்கணக்கில் வறண்டு கிடந்தன. தண்ணீர் லாரியையும், தெருமுனைகளில் வைத்த ஜோஜோ என்னும் பெரிய பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டிகளையும் நம்பித்தான் மக்கள் வாழ்ந்தார்கள். லாரி வரும் நேரம் யாருக்கும் தெரியாது. வாளியோடு ஓடக்கூடியவனுக்குத் தண்ணீர் கிடைத்தது. படுக்கையில் கிடக்கும் கிழவிக்குக் கிடைக்கவில்லை. அப்போது பல்கலைக்கழகத்தில் முதலாண்டில் சேர்ந்திருந்த இரண்டு பேர் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். ஒருவன் பொறியியல் படிக்கும் நம் தமிழ்ப் பையன். மற்றவள் சமூகப்பணி படிக்கும் சூலு இனப் பெண். எந்த வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார், எங்கே கைக்குழந்தை இருக்கிறது, யாருக்கு இன்சுலின் குளிர்ச்சியில் வைக்க வேண்டும், அந்த வீட்டுக்கு வாளி தூக்க அடுத்த வீட்டில் யார் ஒப்புக்கொண்டார் என்று அவன் ஆங்கிலத்திலும் அவள் சூலுவிலும் மாறி மாறி எழுதியிருக்கிறார்கள். அந்த நோட்டை நான் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். ஈரத்தில் தாள்கள் உப்பியிருந்தன.

குழாயில் தண்ணீர் வந்த பிறகும் அவர்கள் நோட்டை மூடிவிடவில்லை. சில மாதங்களுக்கு ஒரு முறை போய்த் திருத்தி வைத்தார்கள். 2024 ஜூன் 3 அன்று அதே டோங்காட்டைச் சூறாவளி தாக்கிக் கூரைகளைப் பிய்த்தெறிந்தபோது, எந்த வீட்டுக்கு முதலில் ஓட வேண்டும் என்று அந்தத் தெருக்களில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அன்று மாலை அவர்கள் இருவரும் ஊரில் இல்லை, தேர்வுக்குப் போயிருந்தார்கள். பக்கத்து வீட்டு இளைஞர்கள் நோட்டைப் பார்த்தே வேலையைத் தொடங்கிவிட்டார்கள். என் கேள்விக்கு இதைவிட நல்ல விடை எனக்கு இதுவரை கிடைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாதம் இதைப் பற்றி எழவில்லை. தொண்டின் சிறப்பை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். தமிழ்ச் சங்கத்தின் பரிசைச் சூலுப் பெண்ணுக்குக் கொடுக்கலாமா, பையனுக்கு மட்டும் கொடுத்துவிட்டு அவளுக்கு ஒரு பொன்னாடை போர்த்தினால் போதாதா என்பதுதான் கேள்வி. நன்கொடை தந்த முன்னோர் நம் பிள்ளைகளுக்காகத்தான் தந்தார்கள் என்று ஒருவர் சொன்னார். அதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அப்போது நான் எழுந்து 1972-ஐப் பற்றிப் பேசினேன்.

உனக்கு நினைவிருக்கும். இந்தியருக்கென ஒதுக்கிய கல்லூரி இருந்த சாலிஸ்பரி தீவுக்குப் படகில் போய்ப் படிப்பைத் தொடங்கி, வெஸ்ட்வில்லின் புதிய வளாகத்தில் முடித்தவர்கள் நாம். அந்த ஏப்ரல் 29 அன்று கறுப்பர்களுக்கென ஒதுக்கிய டர்ஃப்லூப் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழாவில் மாணவர்கள் தங்கள் சார்பில் பேசத் தேர்ந்தெடுத்த ஓங்கோபோட்சே டீரோ எழுந்து, கறுப்பர்களின் கல்வியை வெள்ளையர் நடத்தும் கொடுமையைச் சொன்னார். முன்வரிசைகளில் வெள்ளையர் அமர்ந்திருக்க, பட்டம் பெறும் பிள்ளைகளின் பெற்றோருக்கு உள்ளே இடம் இல்லாததையும் சொன்னார். மாணவர்கள் அவருக்குத் தந்த மதிப்பு அந்த மேடை; நிர்வாகம் தந்தது வெளியேற்றம். இரண்டே ஆண்டுகளில், 1974 பிப்ரவரி 1 அன்று, போட்ஸ்வானாவில் பொட்டலக் குண்டுக்கு இரையானார். அவர் வெளியேற்றப்பட்டபோது நம் வளாகத்திலும் வகுப்புகளைப் புறக்கணித்தோமே, அவர் தமிழரா என்று நம்மில் யார் கேட்டோம்? கறுப்பர் விழிப்புணர்வு இயக்கத்துக்காக ராபன் தீவுச் சிறையில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டிருந்த சாத்ஸ் கூப்பர் பின்னாளில் நம் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்துக்கே துணைவேந்தராக வந்தாரே, அவரோடு சிறையில் இருந்தவர்களையெல்லாம் இனம் பிரித்தா எண்ணுகிறோம்? இவ்வளவுதான் கேட்டேன். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு நியாயம் சொன்ன அந்த நண்பரே இருவருக்கும் சமமாகக் கொடுக்கலாம் என்று முன்மொழிந்தார்.

பணத்தைப் பற்றியும் கேட்டிருந்தாய். மொரீஷியசில் 2019 முதல் அரசுக் கல்லூரிகளில் முதல் பட்டப்படிப்புக்குக் கட்டணம் இல்லை என்பதால், உங்கள் பரிசுக்குக் கட்டணச் சுமை இருக்காது. அப்படியானால் அந்தத் தொகையை மாணவர் கையில் கொடுப்பதைவிட அவர் செய்யும் தொண்டுக்கே கொடுப்பது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. இங்கே நாங்கள் தொகையை இரண்டாகப் பிரிக்கிறோம். ஒரு பகுதி புத்தகத்துக்கும் டாக்சிக் காசுக்கும்; மறு பகுதி இழந்த சனிக்கிழமைக் கூலிக்கு ஈடு. இரண்டாவதை வெளிப்படையாக அப்படியே சொல்லிக் கொடுக்கிறோம். தொண்டுக்குக் கூலியா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை மட்டுமே தொண்டு செய்யலாம் என்று ஆகிவிடக் கூடாது என்பதே என் பதில்.

விழா ஜூன் 16, இளைஞர் நாளன்று நடக்கும். முன்வரிசை நாற்காலிகள் டோங்காட் தெருக்காரர்களுக்கு. அந்த நோட்டில் பெயர் உள்ளவர்களில் வரக்கூடியவர்களை அழைத்து வரச் சிறு பேருந்து ஒன்று பேசியாகிவிட்டது. சங்க நிர்வாகிகளான நாங்கள் பின்னால் உட்கார்கிறோம்.

உன்னிடம் ஓர் உதவி. பாராட்டுப் பத்திரத்தை உன் கையெழுத்தில் எழுதித் தர வேண்டும். இங்கே தமிழை அவ்வளவு அழகாக எழுதுகிறவர் இப்போது யாரும் இல்லை. இருவர் பெயரையும் ஒரே தாளில், ஒரே அளவில் எழுது. அந்தப் பெண் தன் பெயரைத் தமிழ் எழுத்தில் பார்க்க ஆசைப்படுகிறாள். பையனோ, கீழே சூலுவில் "சியாபோங்கா" என்று நன்றிச் சொல் இருக்க வேண்டும் என்கிறான். இரண்டுக்கும் இடம் விட்டு எழுது. பெயர்களைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். ஜூன் 10-க்குள் என் கைக்கு வந்தால் கண்ணாடிச் சட்டம் போட நாள் இருக்கும்.

என்றும் உன் அன்பு நண்பன்